தொங்கிய ஒயர்

"ஒயர் சொருகுறதுக்கு எதுக்கு ஒரு ஆளு? நானே சொருகிக்குவேன். நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்ன மேனேஜர், பேச்சோடு பேச்சாக அவள் மேஜையில் கோணலாகக் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தார். எட்டு வருடமாக அந்த ஆபீசின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவள், மாலையில், எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் வந்து சேரும் அறையைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அறுபது கம்ப்யூட்டரும் ஒருசேரப் படுத்துவிட்டன. அவளுக்குப் போன் போனது.

"போறப்போ என்ன சூனியம் வெச்சுட்டுப் போன? ஒழுங்கா வந்து எடு."

வந்தாள். ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்தாற்போல் துடித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கினாள். அடங்கிவிட்டது.

"ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் இதே ஸ்விட்ச்ல சொருகியிருக்கு சார். போன தகவலே திரும்பத் திரும்பச் சுத்தி வந்து, மத்த எதுக்கும் வழி விடல."

"உன் வேலைதான்."

"இன்னைக்குக் காலையில இந்த ரூம் கேமராவுல என்ன பதிவாகியிருக்குன்னு பாப்போமா?"

முதலாளியும் வந்து பார்த்தார். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மேனேஜர் உள்ளே வருகிறார். தொங்கும் ஒயரைக் கண்டு முகம் சுளிக்கிறார். அதன் முனையைக் காலித் துளையில் சொருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்.

"சாவியை அந்தம்மாகிட்டக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார் முதலாளி.

பதிவை முந்தின நாள் மாலைவரை பின்னோக்கி ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தால், அவள் ஒயரின் ஒரு முனையை மட்டும் சொருகி, மறுமுனையை மேனேஜர் உள்ளே வந்ததும் கண்ணில் படும்படி, கொஞ்சம் கோணலாகத் தொங்கவிட்டது தெரிந்திருக்கும்.