சொட்ட விட்ட குழாய்

"இடுப்பு விட்டுப் போச்சு. இன்னொரு துண்டு கொண்டா எழில்!"

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ நகரில் தன் வீட்டுப் பின்சுவர் ஓரமாகக் குந்தியிருந்த கிட்டுசாமி, தோட்டத்துக் குழாய்க்குப் பழைய துணிகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். காற்று காதை அறுத்தது. ராத்திரி கடும் உறைபனி என்று ஃபோன் மூன்று தடவை அலறிவிட்டது.

போன குளிரில் எதிர்வீட்டுச் சுவருக்குள் பைப் வெடித்து, ஊறிப்போன கூரைப் பலகை கட்டில் மேல் விழுந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். இப்போது அவன் வீட்டில் நாற்பது நாள் குழந்தை இருந்தது.

உள்ளே வந்ததும் சமையலறைக் குழாயை நூலாக ஒழுகவிட்டான். சிங்க்குக்குக் கீழே இருந்த கதவுகளை விரியத் திறந்துவைத்தான்.

"இந்த பைப் வெளிச்சுவர் ஓரமா வருது. தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாத்தான் ஃப்ரீஸ் ஆகாது. யாரும் டேப்ல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

தாயில்லாத மகள் எழிலரசியின் பிரசவத்துக்காகப் பல்லடத்திலிருந்து வந்திருந்த மாமனார் வேலுமணிக்கு மனசு ஒப்பவில்லை.

"ஏனுங் மாப்பிள்ளை, விடிய விடியவா ஊத்தோணும்? நம்மூர்ல ஆயிரத்தி எரநூறு அடி போர் போட்டும் பொகைதானுங்க வருது."

"மாமா, இது பல்லடம் இல்ல. உங்க கஞ்சப் புத்தியை இங்க காட்டுனீங்க, வீடே முழுகிரும்."

எழிலரசி சிரிக்கப் பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

காலையில் கிட்டுசாமி சமையலறைக்குள் வந்தான். குழாய் மூடிக் கிடந்தது. பிடியைத் தூக்கினான். ஒரு சொட்டு இல்லை.

"யாருடி மூடுனது?"

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழிலரசி சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"நாந்தானுங் மாப்பிள்ளை," என்றார் வேலுமணி. "கை கேக்கலீங்க."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உள்ள இருக்கற ஐஸ் உருகும்போது பைப் வெடிச்சா யாரு பதில் சொல்றது? பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல எங்க போய் நிக்கிறது? சுத்தப் பட்டிக்காடு! உங்களைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். டிக்கெட்டை மாத்தித் தர்றேன், அடுத்த ஃப்ளைட்லயே கிளம்புங்க!"



மூன்று நாளைக்கு ஆளே கிடையாது என்று பிளம்பர் கைவிரித்துவிட்டார். கிட்டுசாமி மெயின் வால்வை மூடினான். வேலுமணி யாரும் சொல்லாமலே சிங்க்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, மகளின் ஹேர் டிரையரை பைப்பில் காட்ட ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். சுவருக்குள் 'டக்' என்று கேட்கும்போதெல்லாம் மூன்று பேருக்கும் மூச்சு நின்று நின்று வந்தது.

கடைசியில் வால்வைத் திறந்தபோது குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஓடியது. எங்கேயும் கசிவு இல்லை.

பயம் போனதும் கிட்டுசாமிக்கு நக்கல் வந்தது. மாமனாரின் லட்சணத்தை நண்பர்கள் குரூப்பில் போட்டுச் சிரிக்கலாம் என்று பாதுகாப்புக்கு மாட்டியிருந்த சமையலறைக் கேமராவின் பதிவை ஃபோனில் எடுத்தான்.

காலை ஆறரை மணி. குழாய் முன்னால் எழிலரசியும் வேலுமணியும் நின்றார்கள்.

"அப்பா, டேப் மூடியிருக்கு. தொறந்தாலும் தண்ணி வரல. தூக்கக் கலக்கத்துல நாந்தான் மூடிட்டனோ என்னமோ, ஞாபகமே இல்ல. அவருக்குத் தெரிஞ்சா..."

"நீ பேசாம இரு கண்ணு. நாஞ்செஞ்சதாச் சொல்லிக்கறேன். என்னைய அடிக்கவா போறாரு?"

கிட்டுசாமி பதிவை இன்னும் பின்னால் தள்ளினான். மூன்றேகால் மணி. ஒருவன் கொட்டாவி விட்டபடி வந்தான். குழந்தையின் பால் பாட்டிலைக் கழுவினான். கழுவி முடித்ததும் பழக்கதோஷத்தில் குழாயை மூடிவிட்டு நடந்தான். அவனேதான்.

பதிவை அழித்தான்.

வேலுமணி ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. கிட்டுசாமி இரண்டு பேரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.