பனிக்குடச் சவ்வு

உப்பளத்து வெயிலில் முப்பது வருடம் நின்ற ஞானப்பூவின் இடது கண்ணில், வெண்விழியின் ஓரமாக ஒரு கட்டி வளர்ந்திருந்தது. அறுவை முடிந்த மறுநாள் காலையில் நர்ஸ் கண்கட்டைப் பிரித்து மருந்து விட்டாள்.

"கட்டிய எடுத்த இடத்துல பனிக்குடச் சவ்வ வச்சு மூடியிருக்கும்மா. பிள்ள வயித்துல கெடக்கும்போது அதச் சுத்தி இருக்குமே, அதுதான். யாரோ ஒரு தாய் பிரசவத்தப்போ குடுத்தது."

"அந்தப் பிள்ள?"

"நல்லாத்தான் இருக்கும். ஏம்மா கேக்கிய?"

ஞானப்பூ பெற்றது ஒன்றுதான். அது அழவில்லை. முகத்தைப் பார்த்தால் மறக்க முடியாது என்று துணியில் சுற்றி எடுத்துப்போய்விட்டார்கள். அதன் பிறகு எந்த வீட்டுத் தொட்டிலையும் அவள் எட்டிப் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்தபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையே விட்டாள். மூன்று வாரம் கழித்து டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"புண்ணு ஆறிட்டு. சவ்வும் தானாக் கரைஞ்சுபோச்சு. இனி கண்ண மூடி வைக்க வேண்டாம், திறங்கம்மா."

அவர் விரலை எடுத்ததும் இமை மூடிக்கொண்டது. ஞானப்பூ அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து, வலது கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார். இப்பதான் தூங்குது."