தோற்கணும், ஆனால் கௌரவமாக

"நம்ம ஊர்ப் பெட்டியில அவளுக்கு முட்டை விழுந்துடக் கூடாதுடா கிறிஸ்டி. நல்லா பாரு."

மலக்கி டூஹி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். இருபத்தைந்து வருடமாகக் கவுன்சிலர். அவருக்கு முன்னால் அவர் அப்பா. அதற்கும் முன்னால் தாத்தா.

நேற்று வெள்ளிக்கிழமை அயர்லாந்து முழுக்க உள்ளாட்சித் தேர்தல். இன்று கில்ராஹன் விளையாட்டு அரங்கில் எண்ணிக்கை. தம்பி முறையான கிறிஸ்டி, தடுப்புக் கம்பிமேல் கவிழ்ந்து, ஊழியர்கள் பிரித்துப் போடும் ஒவ்வொரு சீட்டையும் எட்டிப் பார்த்துத் தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு கவலைப்படறவன் அவளை எதுக்கு நிறுத்தினே?" என்றான் திரும்பாமலே.

"கட்சி ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? 'எல்லாம் ஆம்பளைங்களாவே நிக்கறீங்க, ஒரு பெண் வேணும், வெளிநாட்டுல இருந்து வந்தவங்க ஒருத்தர் வேணும்'னாங்க. நான் ரெண்டையும் ஒரே ஆளா முடிச்சேன்."

அந்த ஆள் மேரிவிக். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, ஊர் முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக நர்ஸ்.

மலக்கியின் கணக்கு சுலபமானது. சீட்டில் பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். கடைசியில் இருப்பவர் வெளியேறினால் அவருடைய ஓட்டுகள் அடுத்த எண் பெற்றவருக்குப் போகும். ஐந்து இடங்களுக்குப் பதினோரு பேர் போட்டி. மேரிவிக் பாதியில் விழுவாள். அவள் சேர்த்த ஓட்டெல்லாம் மலக்கியின் மடியில் வந்து விழும்.

"அவ தோக்கணும். ஆனா கௌரவமா தோக்கணும். என் ஊர்ப் பெட்டியிலயே ஒண்ணும் இல்லேன்னா, நான்தான் காலை வாரிட்டேன்னு டப்ளின்ல பேசுவாங்க."

"அந்தப் பெட்டியில பாதிப் பேர் உன் சொந்தக்காரங்க. அவளுக்கு யாரு போடுவா?"

"ஒண்ணு உறுதி," என்று மலக்கி கண்ணடித்தார்.

கிறிஸ்டி கோடுகளைக் கூட்டினான். "ஒண்ணு இல்ல. நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி மூணா!" மலக்கி விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஜனத்துக்குப் பெரிய மனசுடா. சரி, எனக்கு?"

"நூத்திப் பதினெட்டு. போன தடவை இருநூத்தி எண்பது."

சிரிப்பு பாதியில் நின்றது. "மிச்சப் பேர் எங்கே?"

"பத்து நாள் மழைக்கப்புறம் நேத்துதான் வெயில். எல்லாரும் புல் அறுக்கப் போயிட்டாங்க. 'மலக்கிக்கு என்ன, கல்லு மாதிரி நிக்கறான், நாம போய்த்தான் ஆகணுமா?'ன்னாங்களாம். வார்டுலயே பாதிப் பேர்கூட வரல. ஆனா ராத்திரி ஷிப்ட் முடிச்ச நர்ஸுங்க எல்லாம் சீருடையோட வரிசையில நின்னாங்க."

"அவங்களுக்கெல்லாம் ஓட்டு இருக்கா?"

"இங்க குடியிருந்தா போதும், இருக்கு. ரெண்டு மாசமா வீடு வீடாப் போய் அவங்களைப் பட்டியல்ல சேர்த்ததே நீதானே?"

"அதெல்லாம் கடைசியில எனக்குத்தானே வரும்னு..." மலக்கி கைக்குட்டையை எடுத்தார்.

சாயங்காலம் ஒன்பதாவது சுற்றில் இரண்டு பேர் அடிமட்டத்தில் நின்றார்கள். மேரிவிக் 704. மலக்கி 703.

மலக்கி மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். மறுபடியும் 704, 703. மலக்கி வெளியே.

அவருடைய ஓட்டுக் கட்டுகளைப் பிரித்தார்கள். 'ஒன்று மலக்கி, இரண்டு மேரிவிக்' என்று அவரே அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸின்படியே ஊர் எண் போட்டிருந்தது. அடுத்த சுற்றில் மேரிவிக் கவுன்சிலர் ஆனாள். முதியோர் இல்லத்து நர்ஸுகள் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது.

மனைவி நுவாலா நீட்டிய டீயை மலக்கி தொடவில்லை.

"ஒரே ஒரு ஓட்டு! அந்த நாப்பத்தி மூணு பேர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன் எனக்குப் போட்டிருந்தா..."

"அதுல நானும் ஒருத்தி," என்றாள் நுவாலா.

"நீயா?"

"எங்கம்மா கடைசி வாரம் முழுக்க அவ கையைத்தான் பிடிச்சுக்கிட்டு கிடந்தாங்க. நீயோ, 'நான் ஜெயிக்கறது உறுதி'ன்னு ரெண்டு மாசமா காது புளிக்கச் சொன்னே. பாவம், அவளுக்கு ஒண்ணாவது விழட்டுமேன்னு போட்டேன். ஊர்ல எல்லாருமே அப்படித்தான் நினைச்சிருக்காங்க."

"எல்லாருமே அப்படி நினைச்சா நான் என்ன ஆவறது? மூணு தலைமுறை நாற்காலி! கட்டின பொண்டாட்டியே கவுத்துட்டியே! உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நுவாலா முகம் சிவந்து, டீயைத் தானே குடிக்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேரிவிக் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். மலக்கியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஊர்ப் பெட்டியில எனக்கு ஒண்ணுகூட விழாதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க மட்டும் இல்லேன்னா நான் ஜெயிச்சிருக்கவே முடியாது!"

"அவருக்கு எதுக்கு நன்றி? நான்ல போட்டேன்," என்றாள் நுவாலா.

மலக்கி மேரிவிக்கின் பிடியிலிருந்து வலது கையை மெல்ல உருவிக்கொண்டார். நேற்றுக் காலை ஏழு மணிக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக நுழைந்து, அங்கே கட்டிவைத்திருந்த பென்சிலை எடுத்து, மேரிவிக் பெயருக்கு எதிரே அழுத்தமாக 'ஒன்று' போட்டவர் அவர்தான்.