பழுத்த கிண்ணம்

வந்தவர் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பிறகு மோதிரத்தை. சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

கிண்ணத்தில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம். என்னை எந்த டாக்டரும் இவ்வளவு பதமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

எதிரே என் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சம்மணம் போட்டிருந்தார். இருவருக்கும் நடுவே, மடித்த துணியின்மேல், அவருடைய ஜப்பான் கிண்ணம். ஹகி என்ற ஊர்ச் சூளையில் சுட்டது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

எங்கள் வீட்டில் சாப்பிடத்தான் தட்டு பற்றாது. அலமாரி முழுக்க ஜப்பான் ஜாடியும் தட்டும் கிண்ணமுமாக நிற்கும். கோணலாக இருந்தால்தான் உசத்தி என்பார். நான் ஒரு படத்தைக் கோணலாக மாட்டினால் மட்டும் ஆகாது.

துணிக்கு அந்தப் பக்கம் வந்தவர் கொண்டுவந்த கறுப்புக் கிண்ணம் இருந்தது. அது புதுசு. செய்த குயவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். சூளையிலிருந்து எடுத்ததில் முக்கால்வாசியை அவரே சுத்தியலால் உடைத்துவிடுவாராம். தப்பிப் பிழைத்ததில் இது ஒன்று.

பல வருஷமாக என் வீட்டுக்காரருக்கு அதன்மேல்தான் கண். ஒருநாள் தூக்கத்தில் அதன் பெயரைச் சொல்லிப் புலம்பினார். நான் வேறு யாரோ என்று நினைத்துச் சண்டையே போட்டிருக்கிறேன். கிண்ணத்துக்கெல்லாம் பெயர் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வந்தவருக்குப் பிடித்துப்போனால் பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

எனக்குத்தான் மனசில்லை. பழசே இருக்கட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார்.

வாங்கி வந்த புதிதில் அது அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. இப்போது மேல்பூச்சிலுள்ள மயிரிழை வெடிப்புகளில் எல்லாம் நிறம் ஏறி, உள்பக்கம் முழுக்கப் பழுத்திருந்தது. அலமாரியில் பூட்டிவைத்தே பழுக்கவைத்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எல்லாம் என் கைராசி என்பார்.

வேறு யாரும் தொட அனுமதி கிடையாது. மகள் சின்ன வயதில் அதன் பெட்டி நாடாவை இழுத்ததற்கே அப்படித் திட்டு வாங்கினாள். அலமாரிச் சாவி ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். இன்னொன்று எங்கே போயிற்று என்று அவருக்கே மறந்துவிட்டது.

வந்தவர் முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, கிண்ணத்தைத் தரையை ஒட்டியே தூக்கினார். கவிழ்த்தார். அடிப்பாகத்தைத் தடவினார். பிறகு மூக்கை உள்ளே விட்டார்.

விட்ட மூக்கை எடுக்கவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இதுல யார் குடிக்கிறாங்க?”

“சொட்டுத் தண்ணிகூடப் பட்டதில்லைங்க” என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

வந்தவர் கிண்ணத்தைத் துணியில் வைத்தார். கறுப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“குடிக்கக் குடிக்கத்தான் சார் இதுக்கு நிறம் ஏறும். யாருமே குடிக்காம ஏறியிருக்குன்னா, டிகாஷன்ல போட்டு ஊற வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்படி ஏமாத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க. உங்களை நான் அப்படி நினைக்கல.”

நினைத்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தக் கிண்ணப் பைத்தியங்கள் ஒரு சின்னக் கூட்டம். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக்காரர் பெயர் நாறிவிடும்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. கறுப்புக் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

“நான்தான். காலைல காபி. இவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விடுவேனா? “நாங்க தூசு தட்டக்கூட கிட்ட வரக் கூடாது, நீங்க மட்டும் திருட்டுத்தனமா காபி குடிப்பீங்களோ?” என்று பிடித்துக்கொண்டேன். கட்டிய மனைவியிடமே ஒளித்தது, பெற்ற பெண்ணை அழவிட்டது, கைராசி என்று அளந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று. இப்படி ஒரு சந்தர்ப்பம் சும்மா வாய்த்துவிடுமா? ஆசை தீரத் திட்டினேன்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது, வந்தவர் மறுபடியும் கிண்ணத்தை மூக்கருகே பிடித்திருந்தார்.

“காபி சரி சார். ஆனா அது பாதி நிறத்துக்குத்தான் ஆச்சு. மீதி இஞ்சி டீ. அது யாருன்னு தெரியாம நான் மாத்திக்க முடியாது.”

“இஞ்சியா? எனக்கு இஞ்சியே ஆகாதே” என்றார் என் வீட்டுக்காரர். நெற்றியில் வியர்வை துளிர்த்துவிட்டது.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் கிண்ணம் வீட்டோடு இருக்கும். அவர் பெயர்தான் போகும். அவரைப் பார்த்தேன். பார்க்கவே பாவமாக இருந்தது.

“இஞ்சி டீக்கு நான் சர்க்கரை போடறதில்ல” என்றேன்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு வந்தவர் பழைய கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கிண்ணத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இதையாவது யாரும் தொடக் கூடாது.”

சரி என்று தலையாட்டினேன். பார்க்கத்தான் அது சின்னது. ஒன்றரை டம்ளர் தாராளமாகப் பிடிக்கும்.