பொம்மைப் படத்துச் சாட்சி

“அடுத்தவன் பாட்டுல வலை வீசறவன இன்னான்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க” என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று பொரிந்தான் பூபதி.

பசியாவரத்தில் ஏரியை முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பேர் பாடு. பாடு மீறினவனுக்கு அடுத்த முறை கிடையாது. குடும்பத்தோடு வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

காலையில் பூபதி கரையில் உட்கார்ந்து தன் வீச்சு வலைக்கு மடி கட்டிக்கொண்டிருந்தான். வலையின் ஓரத்தை உள்பக்கமாக மடித்துக் கட்டுவதுதான் மடி. உள்ளே வந்த மீன் அதில்தான் சிக்கும். கட்டிக்கொண்டே நிமிர்ந்தால், அவன் இடத்தில், முழங்கால் தண்ணீரில் குப்பன். ஹாயாக வீசுகிறான், இழுக்கிறான், மறுபடி வீசுகிறான்.

குப்பன் அவன் இடத்தில் வலை வீசுகிறான் என்று முந்தாநாளே யாரோ சொன்னார்கள். “குப்பன் அப்பிடிப்பட்டவன் இல்ல” என்று அவர்களோடு சண்டைகூடப் போட்டிருந்தான் பூபதி. அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

“இடுப்புல மீன் போடற பறி கூட இல்ல தலைவரே. புடிச்ச மீன எங்க ஒளிச்சானோ.”

ஊர்த் தலைவர் திருவேங்கடம் குப்பனைப் பார்த்தார். “வீசினியா?”

“வீசினேன்.”

“ஏன்?”

குப்பன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுத்தக்காரன். டச்சுக் கல்லறை பார்க்க வருகிறவர்கள், “ஒரு தரம் வீசிக் காட்டுங்கண்ணே” என்று கேட்டால், “வலை மீனுக்கு, வேடிக்கைக்கு இல்ல” என்று முறைத்துவிட்டுப் போகிறவன்.

“அவன் பொண்ணே சாட்சி தலைவரே” என்றான் பூபதி. “ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கினுதான் இருந்தா. கூப்புடுங்க.”

தேவகி வந்தாள். மீஞ்சூரில் ரயில் பிடித்து சென்னைக் கல்லூரிக்குப் போய், அனிமேஷன் என்கிற பொம்மைப் படம் செய்யப் படிக்கிறவள். கையில் லேப்டாப். முகம் வெளுத்திருந்தது.

“இன்னா பாத்த? மறைக்காம சொல்லும்மா” என்றார் தலைவர்.

“நைனா மூணு நாளா வீசினாரு. நான் பாத்துப் பாத்து வரைஞ்சேன்” என்றாள். “மொத மொதல்ல நான் செய்யற படம். நானா வரைஞ்சப்ப வலை கரித்துணியாட்டம் வுழுந்துச்சு. வாத்தியாரு சிரிச்சிட்டாரு. கரையில ஒரு தரம் வீசிக் காட்டு நைனான்னு கெஞ்சினேன். வேடிக்கைக்கு வீசறவன் நான் இல்லன்னு திட்டிட்டாரு. அப்புறம் பாத்தா, மீன் புடிக்க அவரே எங்கூட்டு எதிர வந்து நின்னாரு. அது பூபதி மாமா பாடுன்னு எனக்குத் தெரியாது.”

“படத்தப் போடு, எல்லாரும் பாக்கட்டும்” என்றான் பூபதி. சாட்சி தானாக வந்து மாட்டியதில் அவனுக்கு உள்ளுக்குள் குஷி.

தாள் தாளாகப் பென்சிலால் வரைந்து, போனில் படம் பிடித்துக் கோத்திருந்தாள். பொத்தானைத் தட்டினாள்.

குப்பன் நடந்தான். இடது தோளைச் சாய்க்கிற அதே நடை. வலையைக் கொசுவிக் கையில் எடுத்தான், இடுப்பைத் திருப்பினான், விட்டான். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் உட்கார்ந்தது.

“யம்மாடி, உசுரோட கீறான்” என்று கன்னத்தில் கை வைத்தாள் கூட்டத்தில் இருந்த பவுனம்மாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. “இன்னொரு தரம் போடு கண்ணு” என்று தலைவரே கேட்டார். விசாரணையை எல்லாரும் மறந்துபோனார்கள். தேவகிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பூபதி மட்டும் தட்டவில்லை. திரைக்கு முன்னால் குந்திவிட்டான்.

“வலைய இழுக்கிற எடத்துல நிறுத்து.”

நிறுத்தினாள்.

“எல்லாம் அச்சு அசலா வரைஞ்சிருக்க. மடிய மட்டும் ஏன் வுட்டுட்ட?”

“வுடல மாமா. நைனா வலையில மடி இல்ல. இல்லாதத எப்பிடி வரையறது?”

எல்லாரும் குப்பனைப் பார்த்தார்கள்.

“அவுத்துட்டேன்” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “எங்கூட்டு ஜன்னலுக்கு எதிர கீறது பூபதி எடம். அவன் பாட்டுல ஒரு பொடி மீன் கூட எனக்குச் சிக்கக் கூடாதில்ல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?” என்றார் தலைவர்.

“திட்டினதும் நானு, வீசினதும் நானு. பொண்ணு காதுக்குப் போவுமே, எப்பிடிச் சொல்றது?”

“வேடிக்கைக்கு வீச மாட்டேன்னியே நைனா” என்றாள் தேவகி.

“வேடிக்கையா? உன் படிப்பாச்சே.”

பூபதி எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குப்பன் எதிரில் வந்து நின்றான்.

“நாளைக்கும் என் பாடுதான் குப்பா. வந்து வீசு. மடியக் கட்டிக்கினு வா.”