நஜ்லாவின் குரல்

எழுத்தை வாசித்துச் சொல்லும் அந்த மென்பொருளை துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து இளைஞர்கள் சிலர் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். பஸ்ஸிலும் வங்கியிலும் அதுதான் பேசியது. குரல், காலமான வானொலி அறிவிப்பாளர் ரிதா முன்பு பதிந்து கொடுத்தது.

அவருடைய மனைவி நஜ்லா ஒருநாள் அந்த இளைஞர்களில் ஒருவனான வஜ்தியைத் தேடி வந்தாள்.

"தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. இதுக்கு நான் என்ன செய்யலாம்?"

"உங்க குரலைக் குடுங்கம்மா. நெறைய வாக்கியம் வாசிக்கணும். தொண்டை கட்டிக்கும், பரவாயில்லையா?"

கட்டித்தான் போனது. வெந்நீர் குடித்துக் குடித்து வாசித்து முடித்தாள். கணவர் மேல் இவ்வளவு பாசமா என்று வஜ்தி உருகிப்போனான்.

குரல் தயாரானதும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"இனிமே நீங்களும் அவரும் சேர்ந்தே பேசுவீங்க. கேளுங்க!"

பொத்தானை அழுத்தினான்.

"நஜ்லா..." என்றது ரிதாவின் குரல்.

அவள் இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"என் குரலைக் குடுத்தா அவர் குரலை எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன். வாயத் தொறக்காதேன்னு சொல்லிச் சொல்லி அடிச்ச மனுஷன், தம்பி. பொதைச்சிட்டு வந்து பஸ்ல ஏறினா, 'உள்ளே போங்க'ன்னு அதே குரல்..."

அழித்துவிடுகிறேன் என்று சொல்ல வஜ்தி வாயெடுத்தான். அந்தக் குரலை யார் யார் எங்கெங்கே எடுத்து வைத்திருக்கிறார்களோ, அவனுக்கே தெரியாது.