அனுபவம் பேசுகிறது

"மனித குலம் தழைப்பதே இரத்த ஓட்டத்தால்தான்!" என்று முழங்கிய கருத்தரிப்பு நிபுணர், மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸ்கேன் அறைக் கட்டிலில் படுத்திருந்த கணக்கு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை சிகிச்சை பலிக்கவில்லை. இதுவும் கைவிட்டால் குழந்தை ஆசைக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

நிபுணர் திரையைத் தட்டினார். "இடது சினைப்பைக்கு ரத்தமே சரியா போகல. மாதவிலக்கு தப்பித் தப்பி வர்றதுக்கு இதாம்மா காரணம். எல்லாம் உங்க டென்ஷன்! போன தடவையும் நீங்கதான் கெடுத்தீங்க."

வகுப்பில் எண்களைத் தப்பாகப் பெருக்குகிற பிள்ளையிடம்கூட டீச்சர் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

நர்ஸ் நிபுணரின் காதைக் கடித்தாள். "சார், அது முன்னாடி வந்தவங்க படம். இவங்களை இன்னும் பார்க்கவே இல்ல."

"அதனாலென்ன? இவங்களுக்கும் இடது பக்கம் இப்படித்தான் இருக்கும். என் அனுபவம் பேசுதும்மா!"

டீச்சர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு இடது பக்கம் சினைப்பையே கிடையாது, டாக்டர். கட்டின்னு சொல்லி எடுத்தாச்சு."

நிபுணரின் முகம் சிவந்தது. "இதைப் போய் எங்கிட்ட மறைப்பாங்களா? எந்த மடையன் எடுத்தான்?"

"நீங்கதான்."